பழைய எவர்சில்வர் தட்டில் சுவர்க்கடிகாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மாவின் கல்யாணச் சீர்த்தட்டு ஒன்று கடிகாரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் விளிம்பில் அம்மாவின் பெயரும் 1978 என்ற ஆண்டும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். வருகிறவர்கள் முதலில் மணி பார்க்கிறார்கள், அப்புறம் பெயரைப் படிக்கிறார்கள், அப்புறம் "இதை எப்படிச் செஞ்சீங்க?" என்று ஆரம்பிக்கிறார்கள். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் என்று இதுவரை பதினோரு தட்டுகளுக்கு உதவியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

இதுக்கு என்னென்ன வேணும்? நிறைய சாமான் வாங்கணுமா?

தட்டு உங்களிடம் இருக்கிறது. வாங்க வேண்டியது ஒரு கடிகார மெஷினும் அதற்குப் பொருந்தும் முட்களும் மட்டும்தான். கடிகாரம் பழுது பார்க்கும் கடையில் "வால் கிளாக் மெஷின், முள்ளோட வேணும்" என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். ஐந்தரை செ.மீ. சதுரத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. பின்னால் ஒரு பென்சில் செல் போட இடம், மேலே ஆணியில் மாட்ட ஒரு கொக்கி. கூடவே ரப்பர் வாஷர், உலோக வாஷர், நட் எல்லாம் சின்னப் பையில் இருக்கும். அந்தப் பையைத் தொலைத்துவிடாதீர்கள்.

முட்களையும் மெஷின் வாங்கும் அதே கடையில் வாங்குங்கள். ஒரு கம்பெனி மெஷினின் தண்டில் இன்னொரு கம்பெனி முள் சரியாக உட்காராது. பெரிய முள்ளின் துளை சிலவற்றில் வட்டமாக இருக்கும், சிலவற்றில் நீள்வட்டமாக இருக்கும். கடையிலேயே ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

அந்தப் பெட்டிக்குள்ள என்னதான் இருக்கு? அது கெட்டுப்போனா தட்டும் வேஸ்ட்டா?

உள்ளே ஒரு சின்னக் குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. மின்சாரம் பட்டால் அது வினாடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் சரியாக 1 வரும். ஒரு சின்ன சிப் அந்த வேலையைச் செய்து வினாடிக்கு ஒரு துடிப்பைக் கம்பிச்சுருளுக்கு அனுப்புகிறது. சுருள் ஒரு குட்டிக் காந்தத்தைத் திருப்ப, அது பிளாஸ்டிக் பல்சக்கரங்களைத் தள்ள, முட்கள் நகர்கின்றன.

கெட்டுப்போனால் நட்டைக் கழற்றிப் புது மெஷினை மாட்டினால் சரி. தட்டுக்கு ஒன்றும் ஆகாது. நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது இதுதான்: மெஷின் மாற்றக்கூடியது, தட்டு மாற்ற முடியாதது. அதனால் தட்டில் நாம் செய்யும் நிரந்தரமான காரியம் ஒரே ஒரு ஓட்டையாகத்தான் இருக்க வேண்டும். எண்ணோ அலங்காரமோ எதுவானாலும் பின்னால் கழற்றி எடுக்கிற மாதிரி இருக்கட்டும்.

எந்தத் தட்டு நல்லா வரும்?

குறுக்களவு 25 முதல் 30 செ.மீ. வரை உள்ள சாப்பாட்டுத் தட்டு நன்றாக வரும். நடுப்பகுதி சமமாக இருக்க வேண்டும். பெரிய முள்ளின் நீளம் அந்தச் சமமான பகுதியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஏறி நிற்கும் விளிம்பில் இடிக்கும். நடுவிலிருந்து விளிம்பு தொடங்கும் இடம் வரை அளந்து, அதைவிட ஒரு செ.மீ. குறைவான முள்ளாக வாங்குங்கள்.

பெயர் எந்தப் பக்கம் வெட்டியிருக்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் அந்தப் பக்கம்தான் முன்னால் தெரிய வேண்டும். அடிப்பக்கம் வெட்டியிருந்தால் தட்டைக் கவிழ்த்த மாதிரி மாட்டலாம். அப்போது மெஷின் தட்டின் குழிக்குள் மறைந்துகொள்ளும், விளிம்பு சுவரோடு ஒட்டி உட்காரும். இதற்குக் குழி 2 செ.மீ. ஆழமாவது வேண்டும். உள்பக்கம் வெட்டியிருந்தால் மெஷின் பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும். அதற்கும் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஓட்டை போட மனசே வரலை. ஓட்டை இல்லாம முடியாதா?

மனசு வராத தட்டில் போடாதீர்கள். 8 மி.மீ. ஓட்டை விழுந்த தட்டு மறுபடி சாப்பாட்டுக்கு ஆகாது. வெல்டிங் வைத்து அடைத்தாலும் தழும்பு தெரியும். இன்னும் புழக்கத்தில் இருக்கும் தட்டை விட்டுவிட்டு, பரணில் சாக்குக்குள் கிடக்கும் ஒன்றை எடுங்கள்.

ஓட்டை போடாமலே செய்ய வேண்டுமென்றால் இட்லித் தட்டைப் பாருங்கள். நடுக்கம்பி நுழைவதற்காக அதில் ஏற்கெனவே ஓட்டை இருக்கிறது. நாலு குழித் தட்டாக இருந்தால் குழிகளை 12, 3, 6, 9 என்று வைத்து மாட்டலாம், வேறு எண்ணே தேவையில்லை. அந்த ஓட்டை மெஷின் தண்டைவிடப் பெரிதாக இருந்தால் முன்னும் பின்னும் அகலமான வாஷர் போட்டு இறுக்குங்கள். பக்கத்து வீட்டு அக்கா குக்கரோடு வந்த பழைய அலுமினியத் தட்டில் இப்படித்தான் செய்திருக்கிறார்.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பாத்திரத்தில் ஓட்டை போட்டு மணி பார்ப்பது நமக்குப் புதிதில்லை. சிறு துளையுள்ள பாத்திரத்தில் நீரை அளந்து பொழுது கணக்கிட்டவர்களை முல்லைப்பாட்டு சொல்கிறது, அந்தப் பாத்திரத்துக்குக் கன்னல் என்று பெயர். நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம் என்பது அந்தக் காலக் கணக்கு.

தட்டோட சரியான நடு எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு பழைய காலண்டர் தாளில் தட்டைக் கவிழ்த்து, சுற்றிலும் பென்சிலால் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். தாளைச் சரிபாதியாக மடித்துப் பிரியுங்கள். கொஞ்சம் திருப்பி வேறு பக்கமாக மறுபடி மடித்துப் பிரியுங்கள். மடிப்புக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் நடு.

வருஷக்கணக்கில் கீழே விழுந்து எழுந்த தட்டு சுத்தமான வட்டமாக இருக்காது. அதனால் மூன்று முறை மடியுங்கள். மூன்று கோடும் ஒரே புள்ளியில் சேராமல் குட்டி முக்கோணம் வந்தால் அதன் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். தாளைத் தட்டின் மேல் ஒட்டி அந்த இடத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். தாளைத் தூக்கிப் போடாதீர்கள், மணிக் குறிகள் வைக்க மறுபடி வேண்டும்.

ட்ரில் போட்டா தட்டு சூடாகி நீலம் பாயுது, ஓட்டை விழவே மாட்டேங்குது. என்ன பண்றது?

முதலில் ட்ரில்லை நிறுத்துங்கள். எவர்சில்வருக்கு ஒரு குணம் உண்டு: தேய்க்கத் தேய்க்க அந்த இடம் இறுகிப்போகும். வேகத்தைக் கூட்டி, மெல்ல அழுத்தி ஓட்டினால் பிட் (ட்ரில்லில் மாட்டும் துளையிடும் கம்பி) வெட்டாமல் உரசிக்கொண்டே இருக்கும். தட்டும் இறுகும், பிட்டின் முனையும் மழுங்கும். அலுமினியத்திலோ மரத்திலோ பழகிய கைக்கு இது தலைகீழ்ப் பாடம். எவர்சில்வருக்கு வேகம் குறைவாகவும் அழுத்தம் கூடுதலாகவும் இருக்க வேண்டும். பிட்டின் முனையில் சுருள் சுருளாகத் தகடு கிளம்பி வந்தால் சரியாக வெட்டுகிறது என்று அர்த்தம். பொடியாக வந்தாலோ கீச்சென்று சத்தம் வந்தாலோ நிறுத்தி, ஆறவிட்டு, எண்ணெய் விட்டு மறுபடி தொடங்குங்கள். தையல் மெஷின் எண்ணெய் போதும்.

வரிசை இதுதான். தட்டுக்கு அடியில் ஒரு மரப்பலகை வைத்து, நடுப்புள்ளியில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை இரும்புக் குச்சியை நிறுத்தி, சுத்தியலால் ஒரு தட்டு தட்டி சின்னக் குழி ஏற்படுத்துங்கள். பிட் வழுக்காமல் நிற்பது அந்தக் குழியால்தான். நான் முதல் தட்டில் பஞ்ச் வைக்காமல் ஆரம்பித்தேன். பிட் வழுக்கி, நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு கீறல் விழுந்தது. இன்றைக்கும் 4 மணிக்கு நேராக அந்தக் கோடு தெரிகிறது. அப்புறம் 3 மி.மீ., 5 மி.மீ., 8 மி.மீ. என்று படிப்படியாகப் பெரிதாக்குங்கள். கோபால்ட் பிட் கிடைத்தால் நல்லது.

தட்டைக் கையால் பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். ஓட்டை விழும் கடைசி நொடியில் பிட் தகட்டைக் கவ்வி, தட்டு சக்கரம் மாதிரி சுழலும். பலகையோடு சேர்த்து இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். துணிக் கையுறை வேண்டாம், பிட்டில் சிக்கிக்கொள்ளும். முந்தானை, துப்பட்டா, பின்னல் எல்லாம் செருகிக் கட்டியிருக்க வேண்டும். ஓட்டையின் பின்பக்கம் நிற்கும் பிசிரை வட்ட அரத்தால் எடுத்துவிடுங்கள், கத்தி மாதிரி வெட்டும் அது.

இவ்வளவு தொல்லை எதுக்கு, பட்டறையில கொடுத்துடலாமா?

தாராளமாக. ட்ரில் பழக்கம் இல்லாதவர்களுக்கு நானே அதைத்தான் சொல்கிறேன். நடுப்புள்ளியை நீங்களே குறித்துக்கொண்டு போங்கள், "8 மி.மீ. ஓட்டை" என்று தெளிவாகச் சொல்லுங்கள், முடிந்தால் மெஷினையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயர் வெட்டிய இடத்தில் கிளாம்ப் படாமல், அடியில் பழந்துணி விரித்துச் செய்யச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது இரும்புத் தகடு, நமக்குத்தான் அம்மாவின் தட்டு. பக்கத்தில் நின்று சொன்னால் பார்த்துச் செய்வார்கள்.

மெஷினை எந்த வரிசையில மாட்டணும்? முள் ஒண்ணோட ஒண்ணு இடிக்குது.

மெஷினின் தண்டில் முதலில் ரப்பர் வாஷர், அதன்மேல் தட்டு, பின் உலோக வாஷர், நட். நட்டைக் கையால் இறுக்கி, கடைசியில் ஸ்பேனரால் கால் சுற்று மட்டும். அதற்கு மேல் இறுக்கினால் பிளாஸ்டிக் தண்டு விரிசல் விடும். அப்புறம் சின்ன முள், பெரிய முள், வினாடி முள். மூன்றையும் 12-க்கு நேராக வைத்து அழுத்துங்கள். பிறகு பின்னால் இருக்கும் குமிழைத் திருப்பி பன்னிரண்டு மணி நேரத்தையும் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே முள்ளை விரல்நுனியால் லேசாக வளைத்து இடைவெளி விடுங்கள்.

தண்டின் திருகு நீளம் பல அளவில் வரும். எவர்சில்வர் தட்டு ஒரு மி.மீ. கனம்கூட இருக்காது, அதனால் இருப்பதில் குட்டையானதே போதும். நீளமானதை வாங்கிவிட்டால் தட்டுக்குப் பின்னால் கூடுதலாக ரப்பர் வாஷர்கள் போட்டு நிரப்பிவிடலாம்.

பன்னெண்டு இடத்தையும் சரியா எப்படிக் குறிக்கிறது?

எடுத்து வைத்த காலண்டர் தாளைப் பாதியாக மடித்து, அந்த அரைவட்டத்தைச் சமமான மூன்று பங்காக மடித்து, அதை மறுபடி பாதியாக மடியுங்கள். பிரித்தால் பன்னிரண்டு கோடுகள் நிற்கும். மடிப்பில் நம்பிக்கை இல்லாதவர்கள் காம்பஸை வட்டத்தின் ஆரத்துக்கு விரித்து, விளிம்பில் ஒரு புள்ளியிலிருந்து அடி வைத்துக்கொண்டே போகலாம். சரியாக ஆறாவது அடியில் தொடங்கிய இடத்துக்கு வந்து சேரும். அவை 2, 4, 6, 8, 10, 12. இடைப்பாதிகள் மற்ற ஆறு.

குறிகளுக்கு எனக்குப் பிடித்தது ஸ்டிக்கர் பொட்டு. 12, 3, 6, 9 இடங்களில் பெரிய பொட்டு, மற்ற இடங்களில் சின்னது. வேண்டாம் என்றால் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால் தடயமில்லாமல் வந்துவிடும். அம்மா கண்ணாடியில் ஒட்டி வைத்துவிட்டுப் போவாரே, அந்த மெரூன் பொட்டுதான் எங்கள் கடிகாரத்தில் 12.

தமிழ் எண் போட ஆசை. 10, 11, 12-க்கு என்ன எழுதணும்?

1 முதல் 9 வரை ௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯. பழைய முறையில் தமிழுக்குப் பத்து என்பது தனி எழுத்து: ௰. அதனால் 10 ௰, 11 ௰௧, 12 ௰௨. பூஜ்ஜியம் சேர்த்து ௧௦, ௧௧, ௧௨ என்று எழுதுவது பின்னால் வந்த வழக்கம். இரண்டும் தப்பில்லை, ஆனால் ஒரே தட்டில் கலக்காதீர்கள். எனக்குப் பழைய முறைதான் அழகாகத் தெரிகிறது. ௰-இல் தொடங்கி மூன்று எண்களும் ஒரு குடும்பமாக நிற்கும்.

க, உ, ரு, எ, அ என்ற எழுத்துகளோடு ௧, ௨, ௫, ௭, ௮ குழம்பும் என்று சிலர் தயங்குகிறார்கள். வட்டத்தில் இருக்கும் இடமே எண்ணைச் சொல்லிவிடுகிறது. எங்கள் வீட்டு ஏழு வயதுக் குழந்தை இப்படிப் பார்த்துப் பார்த்தே தமிழ் எண்களைக் கற்றுக்கொண்டாள்.

பகல்ல ஒண்ணும் தெரியலை, ராத்திரி டிக் டிக்குன்னு தூக்கமே வரலை.

தட்டு மெல்லிய உலோகம், மேளத்துத் தோல் மாதிரி. மெஷினின் சின்னத் தட்டலைப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. மெஷினுக்கும் தட்டுக்கும் நடுவில் ரப்பர் வாஷர் இருக்கிறதா பாருங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். மெஷினின் முகம் முழுக்க வருகிற மாதிரி பழைய சைக்கிள் டியூபில் ஒரு சதுரம் வெட்டி, நடுவில் துளையிட்டு வைத்தால் சத்தம் நன்றாகக் குறையும். படுக்கையறைக்கென்றால் முதலிலேயே "ஸ்வீப் மெஷின்" என்று கேட்டு வாங்குங்கள். அதில் வினாடி முள் தட்டித் தட்டிப் போகாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

வினாடி முள் 9 கிட்ட வந்து துடிச்சிக்கிட்டே நிக்குது. மெஷின் போச்சா?

பெரும்பாலும் செல் தீர்ந்திருக்கும். 6-லிருந்து 12 வரை முள் மேலே ஏற வேண்டும், 9-இல் படுக்கைவாக்கில் இருக்கும்போது அதன் எடை அதிகமாக இழுக்கும். சக்தி குறைந்த மெஷின் தோற்கிற இடம் அதுதான். புது செல் போட்டும் அங்கேயே நின்றால் முள் கனம் அதிகம். கரண்டியையும் முள்கரண்டியையும் முள்ளாக மாட்டியவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். சாதாரண மெஷின் அந்தக் கனத்தைத் தாங்காது, அதற்கு "ஹை டார்க்" என்று தனி மெஷின் இருக்கிறது. வினாடி முள்ளைக் கழற்றிவிட்டாலும் மணி ஓடும்.

மாதக்கணக்கில் ஊருக்குப் போகிறீர்களென்றால் செல்லைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் மெஷின் கெட்டுவிடும், தட்டின் பின்பக்கமும் கறை படியும்.

என் தட்டைக் காந்தம் இழுக்குது. மெஷினுக்குள்ளயும் காந்தம் இருக்குன்னீங்களே, கெடுக்காதா?

நிக்கல் சேர்ந்த எவர்சில்வரைக் காந்தம் அநேகமாக இழுக்காது, குரோமியம் மட்டும் சேர்ந்த வகையை இழுக்கும். இரண்டிலும் கடிகாரம் ஓடும். தட்டு இழுக்கப்படுகிறதே தவிர அதுவே காந்தம் இல்லை. ஆனால் பழைய ஸ்பீக்கர் காந்தம், பலமான ஃப்ரிட்ஜ் காந்தம் போன்றவற்றை மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டாதீர்கள். உள்ளிருக்கும் குட்டிக் காந்தம் திரும்ப முடியாமல் நின்றுவிடும்.

சமையல்கட்டுல அடுப்புக்கு மேல மாட்டலாமா?

தட்டு அங்கிருந்து வந்ததுதான், ஆனாலும் அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். எண்ணெய்ப் புகை மெஷினுக்குள் போய்ப் பல்சக்கரத்தில் பிசுக்கேற்றும். படிகமும் 25 டிகிரி வாக்கில்தான் சரியாக அதிரும். அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். 40 டிகிரியில் நாளுக்கு அரை வினாடிக்கு மேல் பின்தங்கும். சாதாரண மெஷினே மாதத்துக்கு 15 வினாடி முன்பின் போகக்கூடியது, அதோடு இதுவும் சேரும். எதிர்ச்சுவரில் மாட்டுங்கள்.

பித்தளைத் தாம்பாளத்துல செய்யலாமா?

செய்யலாம். பித்தளை மென்மையானது, ட்ரில் எளிதில் இறங்கும். ஆனால் திடீரென்று கவ்வும், கிளாம்ப் பற்றி மேலே சொன்னது இதற்கு இன்னும் முக்கியம். கனம் அதிகம் என்பதால் நீளத் திருகுள்ள மெஷின் வாங்குங்கள். தாம்பாளத்தின் எடையை மெஷினின் பிளாஸ்டிக் கொக்கியில் தொங்கவிடாமல், விளிம்பின் பின்பக்கம் தனிக் கம்பி கட்டி மாட்டுங்கள். புளி போட்டுத் தேய்ப்பதை மெஷின் பொருத்தும் முன்பே முடித்துவிடுங்கள்.

மாட்டினா தட்டு ஒரு பக்கமா சாயுது.

மேலே சொன்ன, உள்பக்கம் முன்னால் தெரிகிற வகைத் தட்டு அது. மெஷின் மட்டும் சுவரில் பட்டு, தட்டு அந்தரத்தில் நிற்கிறது. தட்டின் பின்னால் கீழ்ப்பாதியில் இரண்டு இடத்தில், மெஷினின் கனத்துக்கே வெட்டிய கார்க்கோ ரப்பரோ ஒட்டுங்கள். மூன்று இடத்தில் ஊன்றி அசையாமல் நிற்கும்.

இறந்துபோனவங்க தட்டை இப்படிச் சுவத்துல மாட்டலாமா? வீட்டுல ஒரு மாதிரி பேசறாங்க.

இதை மூன்று பேர் கேட்டார்கள், மூன்று பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்கள். சில வீடுகளில் இறந்தவர் சாப்பிட்ட தட்டைத் தானம் கொடுத்துவிடுவது வழக்கம். அப்படியென்றால் அதை மீறிச் செய்ய வேண்டாம். அவர்கள் பெயர் வெட்டிய வேறு பாத்திரம், ஒரு மூடியோ சின்னத் தாம்பாளமோ, கட்டாயம் இருக்கும். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு அதில் செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் பெரியம்மா ஆரம்பத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. "தங்கச்சி சோறு தின்ன தட்டுடா அது" என்றார். மாட்டிய பிறகு ஒரு நாள் நாற்காலி போட்டு ஏறி, முந்தானையால் பெயரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நின்ற கடிகாரம் வீட்டுக்கு ஆகாது என்று செல் மாற்றும் தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பதும் இப்போது அவர்தான்.

எல்லாம் முடிச்சு மாட்டிட்டேன், ஆனா பேர் தலைகீழா வந்திடுச்சு. மறுபடி ஓட்டை போடணுமா?

வேண்டாம். ஓட்டை நடுவில் இருக்கிறது, தட்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும். முட்களைக் கழற்றி, நட்டைத் தளர்த்தி, மெஷினின் கொக்கி மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு தட்டை மட்டும் திருப்புங்கள். பெயர் நிமிர்ந்து படிக்கும்படி வந்ததும் இறுக்குங்கள். பொட்டுகளை மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும், கார்க் ஒட்டியிருந்தால் அதையும் இடம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பெயர் 12-க்குக் கீழே வந்தால் முட்கள் அடிக்கடி மறைக்கும். நான் விளிம்பில் 6-க்கு நேராக வைத்திருக்கிறேன். உட்கார்ந்து சாப்பிடும்போது தட்டில் பெயர் நம் பக்கம் இருக்குமே, அந்த இடம்.